முதலில் உண்மை, அப்புறம் கிரேயான்

சாவு விழுந்த வீட்டில் முதலில் நடக்கும் காரியங்களில் ஒன்று, குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது. "பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்க" என்று யாராவது ஒரு பெரியவர் குரல் கொடுப்பார். யாராவது ஒரு சித்தி கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போவாள். அங்கே டிவி ஓடும், பிஸ்கட் கிடைக்கும். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பறைச் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரோடு நின்றுவிடாது. பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்கும். என்ன ஏது என்று சொல்ல மட்டும் ஆள் இருக்காது.

பெரியவர்களுக்கோ அன்று ஓடி ஓடிச் செய்ய வேலை இருக்கிறது. பந்தல் போட வேண்டும், சொல்லி அனுப்ப வேண்டும், நீர்மாலை எடுத்துவர வேண்டும். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கலாம். போனவரின் குணம், கோபம், கடைசியாக எடுத்துக் கொடுத்த புடவை வரைக்கும் பாட்டிலேயே சொல்லி அழலாம். அப்புறம் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம் என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் பல சமூகங்களில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. தாத்தா பாட்டி போனால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். ஆனால் அதெல்லாம் வாழ்ந்து முடித்துப் போகிறவர்களுக்கு. முப்பது சொச்சம் வயதில் அம்மா போனால், ஐந்து வயதுப் பையனைக் கொள்ளி வைக்க வேண்டுமானால் கூட்டிப்போவார்கள், அவனுக்குப் புரிகிற மாதிரிச் செய்வதற்கென்று சடங்கு எதுவும் இல்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் அண்ணி இறந்துபோனார். திருச்சியில் இருக்கிறோம். பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. அண்ணி தானே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறியதைத்தான் பிள்ளைகள் கடைசியாகப் பார்த்தார்கள். அதற்குப்பின் சில நாட்கள் வீடியோ காலில் முகம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. உடலைச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வரவில்லை. பந்தலும் நீர்மாலையும் ஒப்பாரியும் இல்லை. பெரியவர்களுக்கென்று இருந்த வேலைகளும் அந்த முறை பறிபோயின. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென்று அந்த மாதமே தமிழக அரசு நிதி அறிவித்தது. இருவரையும் இழந்தால் 5 லட்சம், ஒருவரை இழந்தால் 3 லட்சம். ஒரு திட்டமே போடவேண்டிய அளவுக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

இதை எழுதுவதற்குக் காரணம், அதே மாதிரி ஒரு வீட்டிலிருந்து போன வாரம் ஒருவர் கூப்பிட்டு, "பிள்ளைக்கு டிராயிங் கிளாஸ் சேர்த்துவிட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். போனில் அரைமணி நேரம் பேசியும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

படம், களிமண், பொம்மை, நோட்டு எல்லாம் உதவும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எதற்கு முன்னாலும் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் கிரேயான் டப்பா வாங்கிக் கொடுத்தால், பக்கத்து வீட்டில் டிவி போட்டுவிட்ட கதைதான்.

சின்னவனுக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் "அம்மா சாமிகிட்ட போயிருக்காங்க" என்றார். அவன் உடனே, "எந்தக் கோயில்? சமயபுரமா?" என்று கேட்டான். இன்னொருவர் வானத்தைக் காட்டி நட்சத்திரம் என்றார். அன்று ராத்திரி மேகம். மூன்றாமவர் "அம்மா தூங்குறாங்க கண்ணா" என்றார். அன்றிலிருந்து அவன் படுக்கவே மாட்டேன் என்றான், அவன் அப்பாவையும் படுக்கவிடவில்லை. அசந்தால் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்ப்பான்.

அந்த வயதுக்கு சாவு என்றால் என்ன என்பது பாதிதான் பிடிபடும். போனவர் திரும்பமாட்டார், அவர் உடம்பில் எதுவும் இனி வேலை செய்யாது, இது எல்லோருக்கும் ஒருநாள் வரும்: இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால், 'அம்மா செத்துட்டாங்க, சரி, ஞாயிற்றுக்கிழமை வருவாங்களா?' என்பது அவர்களுக்கு நியாயமான கேள்வி. தெரிந்த மனநல மருத்துவர் ஒருவர் போனில் சொன்னபடி அண்ணன்தான் உட்காரவைத்துச் சொன்னார். "அம்மா செத்துப்போயிட்டாங்கடா. அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடமாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்ப வரமாட்டாங்க. நான் இருக்கேன், அத்தை இருக்கா, பாட்டி இருக்காங்க." அவன் கேட்டுவிட்டு, "எனக்குப் பூரி வேணும்" என்றான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போய் மாவு பிசைந்தேன்.

மறுநாள் மறுபடி கேட்டான். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே சொற்களில். அழுகை வந்தால் ஐந்து நிமிஷம். நடுவிலேயே எழுந்து பந்தைத் தேடிப் போவான். இதைப் பார்த்துத்தான் "சின்னப் புள்ள, மறந்துடுச்சு" என்று ஊர் சொல்கிறது. மறக்கவில்லை. பெரியவர்களைப் போல நாள் முழுக்க ஒரே துக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்த உடம்புக்குத் தெம்பு கிடையாது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்வதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செசமி ஸ்ட்ரீட்டில் மிஸ்டர் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போடலாம், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டலாம். தயாரிப்பாளர்கள் குழந்தை உளவியல் தெரிந்தவர்களிடம் கேட்டு, இறந்துவிட்டார் என்றே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பரில் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. அதில் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைப் பாத்திரம் எல்லோரையும் படம் வரைந்துகொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. கடைசிப் படம் ஹூப்பருடையது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் பெரியவர்கள், இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறுதலுக்காக வரையப்பட்ட படம் இல்லை அது. கையில் ஒரு படம் இருந்ததால் கேள்வி வெளியே வந்தது, பெரியவர்கள் பதிலை முழுங்காமல் சொன்னார்கள். எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கலர் பென்சில் வாங்கி வந்தார்கள். நாலைந்து டப்பா சேர்ந்துவிட்டது. ஒரு மாமா சின்னவனை மடியில் வைத்து, "அம்மாவை வரை பார்ப்போம்" என்றார். அவன் லாரி வரைந்தான். லாரிக்குக் கருப்பு அடித்தான். மாமா என் காதில், "பாத்தியா, கருப்பு. மனசுல இருட்டு" என்றார். மற்றக் கலர்களின் முனையெல்லாம் உடைந்து கிடந்ததும் ஷார்ப்னரைக் காணோம் என்பதும் மாமாவுக்குத் தெரியாது. பிள்ளைகளின் படத்தை ஜாதகம் மாதிரி படிக்கிற இந்தப் பழக்கம் விட்டொழிய வேண்டும். கருப்பு என்றால் துக்கம், கதவில்லாத வீடு என்றால் தனிமை என்று வாட்ஸப்பில் சுற்றுகிற பட்டியல்களை நம்பி ஒரு குழந்தையின் மனதைத் தீர்மானிக்க முடியாது. முறைப்படி பயிற்சி பெற்றவர்களே ஒரு படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லமாட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் "இதைப் பத்திச் சொல்லேன்" போதும். சொல்லவில்லையென்றால் லாரி நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஷார்ப்னரைத் தேடலாம்.

அவன் பேசியது களிமண்ணிடம். அந்த வருஷம் செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் வாங்கி, வீட்டிலேயே ஒரு பிள்ளையார் பிடித்தோம். மீந்த மண்ணை ஈரத்துணியில் சுற்றி மொட்டைமாடியில் வைத்திருந்தேன். அவனும் நானும் அருகருகே உட்கார்ந்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தோம். நான் அகல் விளக்கு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தட்டையாக வடை வடையாகத் தட்டி வரிசையாக வைத்தான். தலையைத் தூக்காமலே, "நான்தான் அம்மாகிட்ட போன்ல பேசமாட்டேன் போன்னு சொன்னேன்" என்றான்.

மூன்று நான்கு மாதமாக அந்தப் பையன் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். வீடியோ காலில் அம்மா வீட்டுக்கு வரமாட்டேன் என்றதும் கோபத்தில் போனைத் தள்ளிவிட்டிருக்கிறான். அதனால்தான் அம்மா போய்விட்டாள் என்பது அவன் கணக்கு. சின்னப் பிள்ளைகள் தங்கள் நினைப்புக்கும் கோபத்துக்கும் உலகத்தை மாற்றும் சக்தி இருப்பதாக நம்புவார்கள் என்று படித்திருந்தேன். நேரில் கேட்கும்போது படித்ததெல்லாம் உதவிக்கு வருவதில்லை. நானும் தலையைத் தூக்காமல், "நீ சொன்னதால அம்மா சாகலை. கிருமியால சுவாசப்பை ரொம்பக் கெட்டுப்போச்சு. நீ பேசியிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும். நீ கோவமா இருந்தேன்னு அம்மாவுக்குத் தெரியும், அவங்களுக்கு உன்மேல கோவமே கிடையாது" என்றேன். அவன் "சரி" என்று ஒரு வடையை நசுக்கினான். அப்புறம் எல்லா வடையையும் நசுக்கினான். பல நாள் கழித்து மறுபடி கேட்டான், மறுபடி அதையே சொன்னேன்.

'உன் மனசுல என்ன இருக்கு சொல்லு' என்று கண்ணுக்கு நேராக உட்கார்ந்து கேட்டிருந்தால் இது வந்திருக்காது. கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பார்வை வேறெங்கோ இருக்க வேண்டும், பக்கத்தில் அவசரமில்லாத ஒரு ஆள் வேண்டும். என் அனுபவத்தில் பாதி விஷயம் இவ்வளவுதான். வெண்டைக்காய் நறுக்கும்போதும் ஸ்கூட்டரில் முன்னால் நின்று வரும்போதும்கூடப் பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்கள். களிமண்ணுக்குக் கூடுதலாக ஒரு வசதி, அதை நசுக்கலாம், திரும்பப் பிடிக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள். காகிதத்தில் தப்பாக வந்துவிட்டதே என்ற பயமும் இல்லை.

மண்ணையும் கதையையும் நாடகத்தையும் கையில் கொடுத்துப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் ஒன்று தமிழ் மண்ணிலேயே இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பால் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே தோட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். ஒருவர் ஊரை மற்றவர் ஊர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே போய் மண்ணைக் குழைப்பது, வண்ணம் பூசுவது, கதை கட்டி நடிப்பது. வைத்தியசாலை மாதிரி இல்லாமல் தோட்டம் மாதிரி இருந்ததுதான் அதன் வைத்தியம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவரையும் சொல்லாமல் போக முடியாது. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1898இல் வியன்னாவில் பிறந்த யூத ஓவியர். ஜெர்மனியில் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைப் பிராக் நகருக்கு வடக்கே இருந்த டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். அந்தக் கணக்குக்குள் அவர் வரைவதற்கான பொருட்களைத் திணித்துக்கொண்டு போனார். அம்மா அப்பாவைப் பிரிந்து தனி விடுதிகளில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு எடுத்தார். காகிதம் தீர்ந்தபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம்.

இதில் என்னை யோசிக்கவைப்பது, அவர் உண்மையிலேயே ஓவிய வகுப்புதான் எடுத்தார் என்பது. தாளம் தட்டச் சொல்லி அந்தத் தாளத்துக்குக் கோடு இழுக்கவைப்பார். பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரையவைப்பார். துண்டுக் காகிதங்களை ஒட்டவைப்பார். பிள்ளைகள் பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் மேஜையும் விளக்குமாக விட்டுவந்த வீட்டையும் வரைந்தார்கள். முகாமின் அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள். வரைந்த படத்தில் பெயரை எழுதச் சொன்னார் ஃப்ரீடல். பெயருக்குப் பதில் எண்ணாகப் பார்க்கப்பட்ட பிள்ளைகள். 1944 அக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அங்கு படித்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். போவதற்கு முன்னால் இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் தப்பின. இன்று பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகாமுக்கு முந்தைய காலத்தில் அவரிடம் படித்த ஈடித் கிராமர் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய், ஓவியம் வழியான சிகிச்சை என்ற துறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். இன்று ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்குப் பெயின்ட் கொடுக்கிறவர்களில் பலருக்கு இந்தக் கிளைவழி தெரிந்திருக்காது.

விளையாட்டுக்கு வருகிறேன். சின்னவனுக்கு ஒரு ஷூ டப்பா கிடைத்தது. அது ஆம்புலன்ஸ். சைரன் அவன் வாயிலிருந்து வரும். கரடிப் பொம்மை உள்ளே, கட்டிலுக்கடியில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கரடி குணமாகித் திரும்பும். தினமும், ஒரு நாளில் பல தடவை. என் அம்மாவால் அந்தச் சைரனைத் தாங்க முடியாது. "இந்த விளையாட்டெல்லாம் வேணாம்டா ராசா" என்று டப்பாவை எடுத்துப் பரணில் வைத்துவிடுவார். அவன் வேறு டப்பா கொண்டுவருவான். நான் அம்மாவிடம் விட்டுவிடச் சொன்னேன்.

பல வாரம் கழித்து ஒருநாள் கரடி கட்டிலுக்கடியிலிருந்து வந்தது, ஆனால் குணமாகவில்லை. "கரடி செத்துப்போச்சு" என்று அறிவித்தான். அப்புறம் பெட்ஷீட்டை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டச் சொன்னான். பந்தலாம். தெருவில் எங்கோ பார்த்திருக்கிறான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. என் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் சாமிப் படத்துக்கு வாங்கிய கதம்பத்தில் ஒரு முழமும் எடுத்துவந்தார். நீர்மாலை எப்படி எடுப்பார்கள், யார் முன்னால் போவார்கள், எப்படிச் சுற்றுவார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் சுற்றினான். பெரியவளும் வந்து சேர்ந்துகொண்டாள். என் அம்மா வாய்விட்டு அழுதார். மருமகளுக்கு அழாத அழுகை அது. சின்னவன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "பாட்டி, கரடிதான் செத்துச்சு" என்று சமாதானம் சொன்னான்.

அதற்கப்புறம் ஆம்புலன்ஸ் குறைந்தது. ஷூ டப்பா பஸ் ஆனது.

விளையாட்டு இப்படி நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை. நகராமல் நிற்கிற விளையாட்டும் உண்டு. 1976இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் ஒரு பள்ளிப் பேருந்தை மறித்து 26 பிள்ளைகளையும் ஓட்டுநரையும் கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்த ஒரு வாகனத்துக்குள் அடைத்தார்கள். அவர்கள் தோண்டிக்கொண்டு வெளியே வந்து தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த மனநல மருத்துவர் லெனோர் டெர், ஒரே காட்சியை அப்படியே, சிரிப்பில்லாமல், திரும்பத் திரும்ப விளையாடி எந்த ஆறுதலும் கிடைக்காத நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் முடிவு மாறாமல் அதே விளையாட்டு, விளையாடி முடித்ததும் இன்னும் கலக்கம் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் பல வாரம் திரும்பாமலே இருந்தாலும் அப்படித்தான். "நானும் அம்மாகிட்ட போகணும்" என்பது பெரும்பாலும் ஏக்கம்தான். இருந்தாலும் எப்படிப் போவதாக நினைக்கிறான் என்று நிதானமாகக் கேட்டுவிடுவது நல்லது. தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற பேச்சு வந்தால் தள்ளிப்போடக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பெரியவள் கதை வேறு. ஒன்பது வயதுக்குச் சாவு முழுதாகப் புரிந்துவிட்டது, அதனால் அவள் எதுவும் கேட்கவில்லை. தம்பிக்குத் தலைவாரினாள், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தாள். "எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்டாலே எரிச்சலாக இருந்தது. களிமண், கலர் எதையும் தொடமாட்டாள், அதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை. ஒருநாள் லைட்டை அணைக்காமல் வெளியே வந்தவள், தானாகவே அவள் அம்மா குரலில், "யாரு அணைப்பா, உங்க தாத்தாவா?" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அண்ணியின் அசல் குரல்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த நோட்டு. அட்டையில் 'அம்மா திட்டு நோட்டு' என்று எழுதினாள். அண்ணி திட்டிய திட்டுகளின் தொகுப்பு, எந்தச் சந்தர்ப்பத்தில், யாரை என்ற குறிப்போடு. ஈரத்துண்டை மெத்தைமேல் போட்டதற்கு ஒன்று. டிபன் பாக்ஸை வெள்ளிக்கிழமை பையிலேயே விட்டு திங்கட்கிழமை திறந்ததற்கு ஒன்று. நான் இரண்டு கொடுத்தேன். என் அம்மா, மாமியாரான தன்னிடம் நேராகச் சொல்லாமல் அண்ணி பாத்திரத்திடம் சொன்னவை என்று சிலவற்றைக் கொடுத்தார். கடைசியாக அண்ணன் வந்து, தான் வாங்கியவற்றைச் சொல்ல ஆரம்பித்தார், அதற்குத் தனியாகப் பக்கம் ஒதுக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர் அவர்.

பாஸ்டன் பகுதியில் ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் நடத்திய ஓர் ஆய்வு உண்டு. அப்பாவையோ அம்மாவையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பதினேழு வரை. அதற்கு முன்பெல்லாம் போனவரை விட்டு மனதைப் பிரித்துக்கொள்வதுதான் துக்கத்தின் முடிவு என்று பேசுவார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் பிரித்துக்கொள்ளவில்லை. இறந்தவரோடு பேசினார்கள், அவருடைய ஒரு பொருளை வைத்துக்கொண்டார்கள், அவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பிள்ளை எப்படித் தேறுகிறது என்பது பெரும்பாலும் மிஞ்சியிருக்கிற அப்பாவோ அம்மாவோ எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதனால் எனக்கு அந்த நோட்டில் பெரியவளின் கையெழுத்தைவிட அண்ணன் சிரித்ததுதான் பெரிய விஷயம். பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்பது.

பொருட்களைப் பற்றி அவசரமாக ஒன்று. பதினாறாம் நாளுக்குள் போனவரின் துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொடுங்கள். ஆனால் அதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு எது வேண்டும் என்று கேளுங்கள். நாம் பட்டுப்புடவையை எடுத்து வைப்போம், அவர்கள் நைட்டியைக் கேட்பார்கள். அதில்தான் வாசனை இருக்கிறது. துவைக்காமல் ஜிப் வைத்த கவரில் போட்டுவைத்தோம். ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் அது, ஹேர் கிளிப், மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. பெட்டிக்கு வெளியே பிள்ளைகளே ஒட்டி அலங்கரித்தார்கள். அவர்களைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது என்பது விதி. போனில் இருந்த குரல் செய்திகளை உடனே வேறு இரண்டு இடத்தில் பதிந்துவைத்தோம். போன் கெட்டுப்போனால் அந்தக் குரலும் போய்விடும்.

இங்கிலாந்தில் 1992இல் ஜூலி ஸ்டோக்ஸ் தொடங்கிய வின்ஸ்டன்ஸ் விஷ் என்ற அமைப்பு, துக்கத்திலிருக்கும் பிள்ளைகளுக்காகவே நடக்கிறது. அவர்கள் செய்யவைக்கிற ஒரு வேலை எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்டது. உப்பை வெள்ளைத்தாளில் கொட்டி வண்ணச் சாக்பீஸால் தேய்த்தால் கலர் ஏறும். ஒவ்வொரு கலருக்கும் போனவரைப் பற்றி ஒரு ஞாபகம். கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கடுக்காகப் போட வேண்டும். நமக்குச் சாக்பீஸ் தேய்க்கிற வேலையே இல்லை, மார்கழிக்கு வாங்கிய கோலப்பொடி இருக்கிறது. செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கழுத்துவரை நிரப்பி, தட்டித் தட்டி இறக்கி, மேலே பஞ்சு வைத்து அழுத்தி மூடுங்கள். இடம் விட்டால் யாராவது குலுக்கி எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், அப்புறம் வேறொரு அழுகை. சின்னவன் மஞ்சளுக்குச் சொன்ன ஞாபகம், அம்மா எலுமிச்சைச் சாதம். பச்சைக்கு, அம்மா அவனை அடித்தது. நல்லதை மட்டும் சொல் என்று யாரும் திருத்தவில்லை.

சாவு இல்லாத பிரிவும் இருக்கிறது. எங்கள் தெருவில் துபாயில் அப்பா இருக்கிற பையன்கள் நிறைய. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் லண்டனில் ஒரு படம் எடுத்தார், எட்டு நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி. அப்போதெல்லாம் அங்கே பெற்றோரை வார்டில் கூட இருக்கவிடமாட்டார்கள். அழாமல் அடங்கிவிட்ட பிள்ளை 'பழகிவிட்டது' என்பார்கள். பழகவில்லை, ஒடுங்கிவிட்டது என்பதைத்தான் அவர் காட்டினார். லீவில் வந்த அப்பாவிடம் போகாமல் பாட்டி முந்தானைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையும் அப்படித்தான். "அப்பாவையே மறந்துட்டியா?" என்று கேலி செய்யாதீர்கள்.

இதற்குத் தினசரி காலண்டர் ஒரு நல்ல கருவி. கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் காலண்டராகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு நாளும் அன்று நடந்ததை அதில் ஒரு படம் அல்லது ஒரு வரி. கிளிப் போட்டு வைத்து அப்பா வந்ததும் கட்டாகக் கொடுப்பது. தெருவில் ஒரு பையன் இதைச் செய்தான். அவன் அப்பா ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே காரில் படித்தார். அப்பாவும் அங்கே அதே மாதிரி ஒன்று வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வருகிற தேதி நிச்சயமாகத் தெரியாமல் நாள் எண்ணும் விளையாட்டைத் தொடங்காதீர்கள். விசா தள்ளிப்போகும், பிள்ளையின் கணக்கு உடையும்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். மே மாதத்து அன்னையர் தினத்தை எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சில லீவு விடுவதற்கு முன்னாலேயே கொண்டாடிவிடுகின்றன. சார்ட், க்ளிட்டர், பசை எல்லாம் கொடுத்து அம்மாவுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்வார்கள். கைவேலை தானாகவே மருந்தாகிவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். முதல் வருஷம் ஆசிரியை ஒருவர் நல்ல மனதோடு சின்னவனிடம், "நீ அத்தைக்குப் பண்ணு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அடுத்த வருஷம் நான் முன்கூட்டியே போய்ப் பேசினேன். நீங்களாக முடிவு செய்யாதீர்கள், முதல்நாளே தனியாகக் கூப்பிட்டு அவர்களையே கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். சின்னவன் அம்மாவுக்கே அட்டை செய்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துக்கொண்டான், எனக்குக் காட்டவில்லை. பெரியவள் செய்யவில்லை. அந்தப் பீரியடில் நூலகத்துக்குப் போகிறேன் என்றாள், அனுப்பினார்கள்.